கூரை விழும் முன்: காலனி வீடுகளுக்குக் கட்டட வலுவூட்டல் எப்போது தேவை?

மழைக்காலத்தில் காலனி வீடு ஒன்றின் கூரை பெயர்ந்து விழும்போது நாளிதழ்களில் இடம்பெறும் செய்தி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கிறது. மேற்கூரையின் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழுந்தது, வீட்டிலிருந்தோர் காயமடைந்தனர், வீடு பழமையானது. இம்மூன்று கூற்றுகளில் முதலாவதும் மூன்றாவதும் பல நேரங்களில் தவறானவை. விழுவது பூச்சு மட்டுமன்று. இரும்புக் கம்பியைக் காக்க வேண்டிய கான்கிரீட்டே விழுகிறது. அவ்வீடுகளில் பெரும்பான்மை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. முறையாகக் கட்டப்பட்ட கான்கிரீட் கட்டடத்திற்கு அது முதுமை ஆகாது.

சொல் தவறினால் தீர்வும் தவறுகிறது. பூச்சு விழுந்தது என்று பதிவானால் மறுபூச்சு பூசுவதோடு கோப்பு முடிந்துவிடும். கான்கிரீட் விழுந்தது, கம்பி துருப்பிடித்துள்ளது என்று பதிவானால் பொறியாளர் வந்து சோதிக்க வேண்டும். தளத்தை வலுவூட்டுவதா, வீட்டை இடித்து மறுபடி கட்டுவதா என முடிவெடுக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் பகுதிகளின் தலித் குடியிருப்புகளில் பணியாற்றும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். ஒரு கட்டடம் எப்போது பழுதுபார்ப்பைத் தாண்டி வலுவூட்டலைக் கோருகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

தீயிலிருந்து காக்க வந்த கூரை

கான்கிரீட் கூரை தலித் மக்களுக்கு வெறும் வசதியாக வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். சாதி மோதல் எங்கு நிகழ்ந்தாலும் முதலில் பற்றவைக்கப்படுவது சேரியின் ஓலைக்கூரையாகவே இருந்தது. 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் தொடக்க நோக்கமே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பற்றாத வீடுகளைக் கட்டித் தருவதுதான். அந்நிறுவனத்தின் முழுப்பெயரில் வீட்டுவசதி என்னும் சொல் இன்றும் உள்ளது.

அதன்பின் 1983-இல் தொடங்கிய ஊரக நிலமற்றோர் வேலை உறுதித் திட்டத்தின் கீழும், 1985-86 முதல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் கீழும் வரிசை வரிசையாகத் தொகுப்பு வீடுகள் எழுந்தன. இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடக்கத்தில் பட்டியலினத்தோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்காகவே வகுக்கப்பட்டது. கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியலினத்தார்; மாநில அளவில் இது 20 விழுக்காடு. ஆகவே தொகுப்பு வீட்டின் நிலை இம்மாவட்டத்தில் பெருந்திரளான மக்களின் உயிர்ப் பிரச்சினை. நெருப்பிலிருந்து காக்கக் கட்டிய கூரை, இன்று தன் எடையாலேயே அச்சுறுத்துகிறது.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. தளத்தின் அடிப்பகுதியில் ஏற்படும் இழுவிசையைத் தாங்குவது உள்ளிருக்கும் இரும்புக் கம்பியே. புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தன்மை கம்பியின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. இரண்டு பகைகள் இந்தக் காப்பை உடைக்கின்றன. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் காரத்தன்மையைக் குறைக்கிறது. மற்றொன்று, உப்பிலுள்ள குளோரைடு. கடற்காற்று, உவர்நீர், கழுவாத மணல், கலவைக்குப் பயன்படுத்திய உப்புத் தண்ணீர் ஆகிய எந்த வழியிலும் அது உள்ளே வரக்கூடும்.

துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து பெருக்கும் அந்த அழுத்தமே கான்கிரீட்டை வெடிக்கச் செய்து கீழே தள்ளுகிறது. கீழே விழுந்த துண்டு, நோயின் கடைசி அறிகுறிகளில் ஒன்று. நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள கான்கிரீட்டின் கனத்தைப் பொறியியலில் கவர் என்பர். கரியமில வாயு ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. எளிய மொழியில் சொன்னால், ஒரு கான்கிரீட்டில் 15 மி.மீ. ஆழத்தை அடைய 15 ஆண்டுகள் ஆகுமானால், அதே கான்கிரீட்டில் 30 மி.மீ. ஆழத்தை அடைய 60 ஆண்டுகள் ஆகும். கவரை இரட்டிப்பாக்கினால் ஆயுள் நான்கு மடங்காகிறது. ஒரு விரற்கடைக்கும் குறைவான கனத்தில் மிச்சம்பிடிப்பது ஒரு தலைமுறையின் பாதுகாப்பை இழப்பதாகும்.

இப்போது விதிகளைப் பார்ப்போம். கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. அதன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி இட்ட கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தையும், தளத்திற்குக் குறைந்தது 15 மி.மீ. கவரையும் ஏற்றுக்கொண்டது. கொத்தனார்கள் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று சொல்லும் கலவை அது. 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பதிப்பு, கம்பி இட்ட கான்கிரீட்டின் குறைந்தபட்சத் தரத்தை எம்20 ஆக உயர்த்தியது. கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கட்டடங்களைக் கடுமையான சூழல் எனப் பிரித்து, அங்கு எம்30 தரமும் 45 மி.மீ. கவரும் வேண்டும் என்றது. 2000-க்கு முன் கட்டப்பட்ட கடலோரத் தொகுப்பு வீடு, விதிப்படியே கட்டப்பட்டிருந்தாலும் இன்றைய விதியின் முன் தோற்றுவிடும். ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்து, கம்பியைத் தாங்கும் கவர் கட்டையும் வைக்காமல் தளம் போட்டிருந்தால் அதன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

செலவுத் தொகையும் இக்கதையின் ஒரு பகுதி. இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீடொன்றுக்கு 2004-இல் 25,000 ரூபாயும், 2008-இல் 35,000 ரூபாயும், 2010-இல் 45,000 ரூபாயும் ஒன்றிய அரசின் அலகுத் தொகையாக இருந்தன. கான்கிரீட் கூரைக்கென மாநில அரசு கூடுதல் தொகை சேர்த்தது. ஆயினும் கடலோரத்திற்கு உரிய தரத்தில் தளம் அமைக்க அத்தொகை போதாது. குறை, கட்டும்போதே கட்டடத்திற்குள் வைத்துக் கட்டப்பட்டது.

நிலமும் நீரும்

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என ஆறுகள் பலவும் கடலைச் சேரும் வடிகால் நிலம் கடலூர் மாவட்டம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்கள் கொள்ளிடக் கழிமுகத்தின் களிமண் பூமி. வீராணம் ஏரியின் உபரிநீரும் இப்பக்கமே இறங்குகிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டை முதல் கடலூர் முதுநகர் வரை உப்பங்கழிகள் ஊர்களை ஒட்டிக் கிடக்கின்றன. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்பது இந்நிலத்தில் பழகிப்போன அமைப்பு. வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை, வடிகால் முகம் ஆகியவற்றில் ஒதுக்கப்பட்ட மனைகளில்தான் காலனிகள் பல எழுந்தன. வெள்ளம் முதலில் வருவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் பெருவெள்ளம் என அடுத்தடுத்து வந்த பேரிடர்கள் ஒவ்வொன்றும் வீடுகளின் உள்வலிமையைச் சிறிது சிறிதாகத் தின்றன. நாட்கணக்கில் தேங்கும் நீர் செங்கல் சுவரில் மேலேறுகிறது. நீர் உலர்ந்தபின் அதிலுள்ள உப்பு சுவரில் படிகமாகி, செங்கல் பொரிந்து உதிர்கிறது. அஸ்திவாரத்தின் ஓர மண்ணை ஓடும் நீர் அரிக்கிறது. களிமண் நிலம் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும்போது ஆழமற்ற அஸ்திவாரம் ஓரிடத்தில் இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. சுவரில் சாய்வான விரிசல் அதன் விளைவு.

2015 வெள்ளத்தின்போது தலித் குடியிருப்புகளின் இழப்பையும் நிவாரணத்தில் அவை புறக்கணிக்கப்பட்டதையும் தேசிய தலித் கண்காணிப்பு அமைப்பும் அதனோடு இணைந்து பணியாற்றிய தமிழ்நாட்டு அமைப்பும் கடலூர் மாவட்டச் சிற்றூர்களில் ஆய்வு செய்து பதிவுசெய்தன. நிவாரணக் கணக்கெடுப்பில் இன்னொரு குறையும் உண்டு. இடிந்த வீடு எண்ணப்படுகிறது. இடியாமல் நின்று, வலிமையை இழந்த வீடு எண்ணப்படுவதில்லை. அந்த வீடு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது.

மூன்று நிலைகள்

கட்டடத்தின் நிலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் நிலை, பழுதுபார்த்தல் போதுமான நிலை. பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழை விரிசல், ஓரிடத்தில் நீர்க்கசிவு, கதவு நிலையை ஒட்டிய சிறு பிளவு போன்றவை இதில் அடங்கும். செங்கல் சுவர்களில் 5 மி.மீ. வரையான விரிசல்களைப் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த தரவரிசை பெரும்பாலும் தோற்றக் குறைகளாகவே கொள்கிறது. ஆயினும் அகலம் மட்டுமே அளவுகோல் ஆகாது. விரிசல் வளர்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

இரண்டாம் நிலை, வலுவூட்டல் தேவைப்படும் நிலை. அதன் அடையாளங்கள் இவை:

- தளத்தின் அடியில் கம்பி செல்லும் வரிசையிலேயே நேர்கோடாக விரிசல் ஓடுதல். அதன் வழியே பழுப்புக் கறை படிதல்.
- தளத்தைக் கோலால் தட்டினால் கணீரென்ற ஒலிக்குப் பதிலாகப் பொள்ளல் ஒலி கேட்டல்.
- கான்கிரீட் விழுந்து கம்பி வெளியே தெரிதல். கம்பி செதில் செதிலாக உரிதல்.
- தளத்தின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியுமளவு தொய்தல். மழைநீர் மேலே அவ்விடத்தில் தேங்குதல்.
- சுவர் விரிசல் 5 மி.மீ. தாண்டி 15 மி.மீ. வரை விரிதல், படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகளின் வழியே ஏறுதல், கதவும் சன்னலும் மூட முடியாமல் இறுகுதல்.
- சன்ஷேடு, படிக்கட்டு, மேல்நிலைத் தொட்டித் தாங்கி ஆகியவற்றில் கம்பி தெரிதல். இவை ஒருபக்கம் மட்டுமே பிடிமானம் கொண்டவையாக இருந்தால் முன்னறிவிப்பின்றி விழக்கூடும்.

கம்பியின் மெலிவை எளிய கணக்கால் உணரலாம். 8 மி.மீ. கம்பியைச் சுற்றிலும் ஒரு மி.மீ. துரு தின்றால் எஞ்சுவது 6 மி.மீ. கண்ணுக்கு இது சிறு வேறுபாடு. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 44 விழுக்காடு போய்விட்டது. அதாவது அந்தக் கம்பி தாங்க வேண்டிய இழுவிசையில் ஏறத்தாழ பாதியை இனித் தாங்காது.

மூன்றாம் நிலை, உடனே வெளியேற வேண்டிய நிலை. தளத்தின் பெரும்பகுதியில் கம்பி அறுந்திருத்தல், சுவர் செங்குத்திலிருந்து சாய்தல், தளத்திற்கும் சுவருக்கும் இடையே இடைவெளி தோன்றுதல், 25 மி.மீ.க்கு மேற்பட்ட விரிசல், நாளுக்கு நாள் விரியும் பிளவு, தொடர்ந்து கேட்கும் முறிவு ஒலி ஆகியவை இருந்தால் சோதனை முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது.

திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி முற்றாக இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. எவரும் இறக்கவில்லை. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னதாகவே வெளியேறியிருந்தனர். அங்கு உயிர்களைக் காத்தது எந்தக் கருவியும் அன்று. விரிசலைப் படித்த கண்களே. அதே வேளை, அந்தக் கண்கள் பார்ப்பதற்கு முன் ஓர் அரசுப் பொறியாளர் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

விரிசல் வளர்கிறதா என அறிய எளிய வழி உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுத வேண்டும். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்க வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சிமெண்டால் பதிக்கலாம்; கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். இரண்டு மூன்று மாதத் தொடர்ச்சியான படங்கள் எந்த மனுவையும்விட வலுவான சான்று.

சோதனைகள் எவை?

கண்பார்வை ஆய்வு தொடக்கம் மட்டுமே. இரண்டாம் நிலையில் உள்ள கட்டடத்தை வலுவூட்டுவதா இடிப்பதா என்பதைச் சோதனையின்றி எவரும் தீர்மானிக்க இயலாது. ரீபவுண்ட் சுத்தியல் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும். மீயொலித் துடிப்புச் சோதனை உட்புற வெற்றிடங்களையும் விரிசல்களையும் உணர்த்தும். ஃபினாப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் ஆற்றலை இழந்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கிடைக்கும் கரைசல்தான் இது. அரைமின்கல மின்னழுத்தச் சோதனை கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை அளக்கும். குளோரைடு அளவைத் தூளாக்கிய கான்கிரீட்டிலிருந்து கண்டறியலாம். இறுதியாக, கோர் என்னும் உருளைத் துண்டை வெட்டியெடுத்து நொறுக்கிப் பார்ப்பது உண்மை வலிமையைச் சொல்லும்.

ஒரே சோதனையை வைத்து முடிவு சொல்லும் அறிக்கையை ஏற்கக் கூடாது. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு கரியமில வாயுவால் இறுகியிருக்கும். அதனால் சுத்தியல் சோதனை உண்மையைவிடக் கூடுதலான வலிமையைக் காட்டக்கூடும். உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கட்டடவியல், கட்டமைப்புப் பொறியியல் துறை இயங்கிவருகிறது. அத்தகைய துறைகளின் தொழில்நுட்ப உதவியைக் கோரும்படி மாவட்ட நிர்வாகத்தை வற்புறுத்தலாம். பொறியியல் மாணவர்கள் கண்பார்வை ஆய்வையும் பதிவையும் செய்யலாம். பாதுகாப்புச் சான்று வழங்குவது தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் பணி.

வலுவூட்டல் எது, ஒப்பனை எது?

துருப்பிடித்த கம்பியின் மேல் சிமெண்ட் பூச்சு பூசுவது சீழ் வைத்த புண்ணின் மேல் கட்டுப்போடுவது போன்றது. உள்ளே துரு தொடரும். சில மழைக்காலங்களில் புதிய பூச்சு பழைய கான்கிரீட்டையும் இழுத்துக்கொண்டு விழும். வெள்ளையடித்து ஒப்படைக்கப்பட்ட வீடு முன்னிலும் ஆபத்தானது. ஏனெனில் அதன் அறிகுறிகள் மறைக்கப்பட்டுவிட்டன.

முறையான பணி, தளத்திற்கு முட்டுக் கொடுத்துச் சுமையை இறக்குவதில் தொடங்குகிறது. பொள்ளலான கான்கிரீட் முழுவதையும் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவை முற்றாக நீக்கி, காப்புப் பூச்சு இட வேண்டும். மெலிந்த கம்பிகளுக்குத் துணைக் கம்பிகள் சேர்க்க வேண்டும். பின்னர் பாலிமர் கலந்த சாந்தோ நுண்கான்கிரீட்டோ இட்டு நன்கு நீராற்ற வேண்டும். தூண், பீம் உள்ள விடுதி, பள்ளிக் கட்டடங்களில் அவற்றைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு கவசம் அமைப்பது வழக்கம். ஜாக்கெட்டிங் என்பது இதுவே. சுமை தாங்கும் செங்கல் சுவர் வீடுகளில் விரிசலின் குறுக்கே கம்பி பதித்துத் தைத்தல், சாந்து செலுத்துதல், லிண்டல் மட்டத்தில் கட்டுப்பட்டை அமைத்தல், அஸ்திவாரத்தின் அடியில் புதிய தாங்கி கொடுத்தல் ஆகியவை உதவும்.

இன்னொரு பொதுவான தவற்றையும் சுட்ட வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று பழைய தளத்தின் மேல் மேலும் ஓர் அடுக்கு செங்கல் ஜல்லி போடுவார்கள். 200 சதுர அடி தளத்தில் 7.5 செ.மீ. கனத்திற்குச் செங்கல் ஜல்லிக் கலவை இட்டால் இரண்டரை டன்னுக்கு மேல் எடை ஏறும். மெலிந்த கம்பியின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது, காக்கும் எண்ணத்தோடு செய்யும் கேடு. பழைய அடுக்கை நீக்கிவிட்டே புதியதை இட வேண்டும்.

வலுவூட்டும் செலவு, புதிய கட்டடச் செலவின் பாதியை நெருங்கினால் மறுகட்டுமானத்தைப் பொறியாளர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பர். சிறிய தொகுப்பு வீடுகளில் இந்த எல்லை விரைவில் வந்துவிடும். தளம் முழுதும் கெட்ட ஒற்றையறை வீட்டுக்கு வலுவூட்டலைவிடப் புதிய தளமோ புதிய வீடோ பொருத்தமானது. இரண்டு மூன்று மாடி விடுதிக்கு வலுவூட்டல் பொருந்தக்கூடும்.

வீட்டுக்கு அப்பால்

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர் ஏ.டி. காலனியில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 17 பேர் உயிரிழந்தனர், அனைவரும் தலித்துகள். அங்கே இடிந்தது அவர்களின் வீடு அன்று. அவர்களைப் பிரித்து வைத்த சுவர். தீண்டாமைச் சுவர் என்று மக்கள் அதை அழைத்தது பொருளற்றதன்று. கட்டட ஆய்வு என்பது காலனி வீடுகளோடு நின்றுவிடாமல், காலனியை ஒட்டிய உயர் சுவர்களையும் உள்ளடக்க வேண்டும். சுவரின் பின்னே மண்மேடு உள்ளதா, நீர் வெளியேறத் துளைகள் உள்ளனவா, இடையிடையே தாங்குதூண்கள் உள்ளனவா, சுவர் சாய்ந்துள்ளதா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள்.

அதுபோன்றே பள்ளிகளும் விடுதிகளும். சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது வகுப்பறையோடு முடிவதில்லை, தங்க ஓரிடமும் வேண்டும் என்பதை உணர்ந்த இயக்கம் அது. அந்த மரபின் தொடர்ச்சியாகவே நலப்பள்ளிகளையும் விடுதிகளையும் நாம் காண வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யும் பணி மாநிலமெங்கும் முடுக்கிவிடப்பட்டது. விபத்துக்குப் பின் வரும் ஆய்வு, விபத்தின்றியும் ஆண்டுதோறும் வர வேண்டும். விடுதிகளுக்கும் வர வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறையின் கட்டுமானப் பணிகளைத் தாட்கோவின் பொறியியல் பிரிவு மேற்கொள்வதால் அதனிடமும் கோரிக்கை வைக்கலாம்.

யாரிடம், எதைக் கேட்பது?

ஊரகப் பகுதியில் முதல் வாயில் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரும். அதற்கு மேல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்களில், வீட்டு வாரியான பட்டியலோடு கட்டட ஆய்வு கோரும் தீர்மானத்தை நிறைவேற்றுவது பயனுள்ளது.

திட்டங்களைப் பொறுத்தவரை, 2000-01-ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. சராசரியாக வீட்டுக்கு 80,000 ரூபாய். பழுதுபார்க்க இயலாத 25,000 வீடுகளை 600 கோடி ரூபாயில் மறுகட்டுமானம் செய்யும் திட்டம் 2025-26-இல் வந்தது, சராசரி 2.40 லட்சம் ரூபாய். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். எந்த வீடு எந்தத் திட்டத்தில் சேர்கிறது என்பதைத் தீர்மானிப்பது கட்டடத்தின் நிலை குறித்த மதிப்பீடே. இரண்டாம், மூன்றாம் நிலை வீடு முதல் நிலை என்று எழுதப்பட்டால் அக்குடும்பம் பூச்சு வேலையைப் பெறும், பாதுகாப்பைப் பெறாது. எனவே போராட்டத்தின் மையம் மதிப்பீட்டுப் படிவம்.

சட்டங்கள் மூன்றை நினைவில் கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: ஆவணங்களின் நகலை மட்டுமன்றி, பணிகளைப் பார்வையிடவும் கட்டுமானப் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் இச்சட்டத்தின் பிரிவு 2 உரிமை தருகிறது. உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது பிரிவு 7. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005: மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையம், கட்டுமானங்களை ஆராய்ந்து, பேரிடர்த் தடுப்புத் தரங்கள் பின்பற்றப்படாவிடில் நடவடிக்கைக்கு ஆணையிடலாம் என்று பிரிவு 30 கூறுகிறது. நிவாரணத்தில் சாதி அடிப்படையிலான பாகுபாட்டைப் பிரிவு 61 தடைசெய்கிறது. மூன்றாவது, 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். காலனி வீடுகளின் கட்டட ஆய்வையும் வலுவூட்டலையும் அதன் நிதியில் சேர்க்கக் கோருவதற்கு இடமுண்டு.

உச்சநீதிமன்றம் சமேலி சிங் வழக்கில் உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும் அன்று என்றும், பாதுகாப்பான, கண்ணியமான கட்டுமானமும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் விளக்கியது. அவ்வழக்கே பட்டியலினத்தோருக்கு வீடு கட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து நில உடைமையாளர்கள் தொடுத்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இடிப்பு ஆணை வரும்போது

ஆபத்தான கட்டடம் என்ற அறிவிப்பு இருமுனைக் கத்தி. அது உயிரைக் காக்கலாம். மனையைப் பறிக்கவும் பயன்படலாம். சாலை விரிவாக்கத்திற்கோ நீர்நிலை மீட்புக்கோ இடம் தேவைப்படும்போது காலனி வீடுகளின் பழுது திடீரென அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிவதுண்டு. பட்டா இல்லாத குடும்பங்கள் வீடு இடிந்தபின் அங்கு வாழ்ந்ததற்கான சான்றையே இழக்கின்றன. ஆகவே இடிப்புக்கு உடன்படும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரின் சோதனை அறிக்கை எங்கே? மறுகட்டுமானம் அதே மனையில்தானா? இடைக்காலத் தங்குமிடமும் வாடகையும் யார் பொறுப்பு? பட்டா யார் பெயரில், எப்போது வழங்கப்படும்? வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றின் நகல்களை முன்பே சேர்த்து வைத்துக்கொள்வது காலனி இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய வேலை.

பழைய வீடு விழுந்தது என்ற செய்தியில் குற்றவாளி இல்லை; காலம் மட்டுமே இருக்கிறது. 15 மி.மீ. கவரும், குறைந்த அலகுத் தொகையும், பள்ளத்தில் ஒதுக்கிய மனையும், வராத ஆய்வும் அச்செய்தியில் இடம்பெறுவதில்லை. அவற்றை இடம்பெறச் செய்வதற்கு விரிசலின் பக்கத்தில் எழுதப்படும் தேதியும், தளத்தைத் தட்டிக் கேட்கும் ஒரு கோலும், கேள்விகள் நிறைந்த ஒரு மனுவும் தொடக்கமாக அமையும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு காலனியிலும் அந்தத் தொடக்கம் நிகழ வேண்டும்.